உனக்கு வைத்த புதுப் பெயர்

பான்பாய்,
மழைக்கால விரத மாதம்.

அன்பு மகன் ஜோய்க்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம். நானும் கழுத்துக்குக் கீழே சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். ஃபோன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். ஃபோனில் என் நாக்கு தடித்துப்போகிறது, பாதியில் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்பதே விட்டுப்போகிறது. காகிதம் என்றால் விட்ட இடத்தை மேலே பார்த்துக்கொள்ளலாம். காலையில் சோறு தின்றபின் கொஞ்ச நேரம் என் தலை தெளிவாக இருக்கும், அப்போது மட்டும் எழுதுகிறேன். தெளிவு போனதும் அம்மா இதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிடுகிறாள். இல்லாவிட்டால் எழுதியதை நானே கிழித்துவிடுவேனாம். கை நடுங்குவதால் எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும், பொறுமையாகப் படி.

மழை இந்த வருஷம் பிந்தித்தான் வந்தது, ஆனாலும் நடவு முடிந்துவிட்டது. நான் வரப்பில் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் விழுகிறேன் என்று அம்மா என்னைக் குடிசை நிழலில் உட்காரவைத்துவிட்டு ஆட்களோடு தானே இறங்கி நட்டாள். முழங்கால் வலி அவளுக்கு அப்படியே இருக்கிறது, மருந்து வாங்கச் சொன்னால் கேட்பதில்லை. பப்பாளி காய்த்துத் தள்ளுகிறது, தினமும் பப்பாளிதான். ஜாடியில் மீன் புளிக்கப் போட்டோம், அதற்கு நான் உப்புப் போட்டேன், போட்டதை மறந்து மறுபடியும் போட்டேன், ஜாடியோடு கொட்டவேண்டியதாயிற்று. "இனி அடுப்பங்கரைப் பக்கம் வந்தீங்கன்னா காலை ஒடச்சிடுவேன், தலையைத்தான் ஏற்கனவே ஊர் ஊரா ஒடச்சு அனுப்பிட்டாங்களே" என்றாள் உன் அம்மா. அவள் வாய் உனக்குத் தெரியாததா. திட்டிவிட்டுப் போய்த் தொட்டி மறைவில் முகம் கழுவினாள், வெகுநேரம் கழுவினாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பிரயூன் ஓடி வந்து ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினான். "அண்ணே, இது நம்ம ஜோய் மூஞ்சிதானே? பேரை மாத்திப் போட்டுட்டாங்களே, அச்சடிக்கிறவனுக்குக் கண்ணு தெரியலபோல" என்று சிரித்தான். வரும் மாதம் மணிலாவில் ஒரு குத்துச்சண்டைப் பந்தயம், அங்கத்துப் பையன் ஒருவன் பெரிய எழுத்தில், நீ கீழே சின்ன எழுத்தில். மூஞ்சி உன்னுடையது. தாடையில் சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த தழும்புகூடத் தெரிந்தது. பெயர்தான் நாங்கள் யாரும் கேட்டறியாதது. பிரயூனுக்கு அது அச்சுப்பிழை. எனக்கு அது என்னவென்று தெரியும்.

உனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லியிருக்கமாட்டார்கள், கேள். குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்ததும் உன்னைப் பெற்றவர்கள் வைத்த பெயரை மூட்டை கட்டிவைத்துவிட்டு மேடைக்கு ஒரு பெயர் கொடுக்கிறார்கள், பின்னால் கூடத்தின் பெயரை ஒட்டுகிறார்கள். பிறகு எவன் காசு போடுகிறானோ அவன் கடைப் பெயர் ஒட்டிக்கொள்ளும். நான் முதலில் தென்சாய். அப்புறம் அதே தென்சாய்க்குப் பின்னால் ஓர் அரிசி ஆலை வந்தது. அதுவரைக்கும் விளம்பரம், பரவாயில்லை. சியோலில் ஒருநாள் நான் விழுந்து எழுந்திருக்க நேரமாகிவிட்டது, அங்கிருந்த டாக்டர் இவன் சில மாதங்களுக்கு மேடை ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களுக்குப் பந்தயம் பிடித்துக் கொடுக்கும் முதலாளி கிம் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "தம்பி, தென்சாய்தான் ரெஸ்ட் எடுக்கணும்னு இதுல எழுதியிருக்கு. சிங்டோங் ரெஸ்ட் எடுக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவை என்றுதான் அன்று நினைத்தேன். அடுத்த மாதமே சிங்டோங் என்று ஒருவன், பின்னால் ஒரு டயர்க் கடைப் பெயரோடு, ஒரு தோல்விகூட இல்லாதவனாக மேடை ஏறினான். வேறு ஊரில், யாருக்கும் தெரியாத கூடத்தில். தென்சாய் நன்றாக ஓய்வெடுத்தான் மகனே. தலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அதனால்தான் சொல்கிறேன், புதுப் பெயர் வைக்கிறார்கள் என்றால் பழைய பெயர்க்காரன் மேடை ஏறக்கூடாதவன் ஆகிவிட்டான் என்று அர்த்தம். நீ இருக்கும் ஒசாகாவில் மே மாதம் நீ விழுந்ததை நாங்கள் பார்த்தோம். கால் வழுக்கிவிட்டது என்று நீ சொன்னாய், அம்மா நம்பினாள். பிரயூன் ஃபோனில் அந்தக் காட்சி வந்தது. நீ மல்லாக்க விழுந்தபோது இரண்டு கைகளும் விறைத்து நெஞ்சுக்கு மேலே தூக்கி நின்றன. உன் அம்மா அதைப் பார்த்து, "பாருங்க, விழுறப்பவும் எதிராளியக் கும்பிடுறான், என் புள்ளைக்கு மரியாதை தெரியும்" என்றாள். நான் ஃபோனைப் பிரயூனிடம் திருப்பிக் கொடுத்தேன். அது கும்பிடு இல்லை ஜோய். மூளை நின்றுபோகும்போது கைகள் தாமாக அப்படி விறைக்கும். கூடத்தில் எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைகளை இறக்கிவைத்து மூன்று மாதம் ஓய்வெடு என்று ஒசாகா டாக்டர் சொல்லியிருப்பார். அதே கிம் உனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்.

என் கதை உனக்கு முழுசாகத் தெரியாது, நீ போனபிறகு நடந்தது. தெரிந்துகொள். போன வருஷம் எனக்குப் பேச்சு குழறியது, கால் தள்ளாடியது, சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் பள்ளிக்கூடத்து மதிலில் உட்கார்ந்திருந்தேன். காரணமில்லாமல் கோபம் வரும், ஒருநாள் சோற்றுக்கூடையைத் தூக்கி அம்மா மேல் எறிந்தேனாம். தலையில் குத்து வாங்கியவனுக்கு வரும் இதற்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயரே குத்துப் போதை, அதனால் பெயரைக் கேட்டாலே எல்லோருக்கும் சிரிப்புதான் வருகிறது. ஆனால் உன் அம்மாவுக்கு அதுகூடத் தோன்றவில்லை. நான் அவளுக்குத் தெரியாமல் சாராயம் குடிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவன் இல்லை நான், கல்யாண வீட்டில்கூடச் சர்பத்துதான். மழைக்கால விரதம் தொடங்கும் நாளில் என்னை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். விரத மாதங்கள் முடியும்வரை குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய ஊர்க் குடிகாரர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கடைசியில் என்னையும் உட்காரவைத்தாள். பக்கத்தில் இருந்த ஒருவன், "அண்ணே நீங்களுமா! நல்லா மறைச்சு வச்சீங்களே" என்று என் தொடையில் தட்டினான்.

பெரிய பிக்கு என் முன்னால் வந்து, "எவ்வளவு நாளா குடிக்கிறப்பா?" என்று கேட்டார். குடிப்பதில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல முடியவில்லை. பயம் வந்துவிட்டது. சந்தைக்குப் போனதையே மறக்கிறவன் குடித்ததை மறந்திருக்கமாட்டானா என்று தோன்றியது. எனக்கே தெரியாமல் எங்கேயோ போய்க் குடித்துவிட்டு வருகிறேனோ என்று என்னையே நான் சந்தேகப்பட்டேன். எல்லா அடியையும்விட அதுதான் எனக்கு வலித்தது. "ரொம்ப நாளா, சாமி" என்று சொல்லிச் சத்தியம் செய்து கொடுத்தேன். விரதம் முழுக்க வீட்டைவிட்டு நகரவில்லை, தள்ளாட்டமும் நிற்கவில்லை. அம்மா நெற்குதிர், வைக்கோல் போர், கோழிக்கூடு ஒன்று விடாமல் பாட்டில் தேடினாள். ஒருநாள் நான் வாசலில் விழுந்து கிடந்தபோது குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள். பப்பாளி வாசனைதான் வந்திருக்கும். அப்படியே என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். குடிகாரனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பாள். அவள் அழுததைப் பார்த்துதான் இது குடியைவிடப் பெரிய வியாதி என்று எனக்கு உறைத்தது.

கோன்கேன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் வயதுதான் இருக்கும் அந்த டாக்டர் பெண்ணுக்கு, நல்ல பெண், அவசரப்படுத்தவில்லை. மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். எனக்கு ஒன்றுகூட வரவில்லை, மூன்று என்பதுதான் ஞாபகம் இருந்தது. தலையைப் படம் எடுத்தார்கள். மூளை சுருங்கியிருக்கிறது, நடுவில் இருக்கும் மெல்லிய சுவர் கிழிந்திருக்கிறது என்று காட்டினாள். நான் பெருமையாக, "அம்மா, நான் அவ்வளவா விழுந்தவன் இல்ல, எத்தனை வாங்கினாலும் நிக்கிறவன்னு பேர் எடுத்தவன்" என்றேன். அவள் என்னை வருத்தமாகப் பார்த்து, "விழுந்தது மட்டும் கணக்கில்லீங்க ஐயா. விழாம வாங்கினதும் சேருது, பயிற்சியில தினமும் வாங்கினதும் சேருது. நின்னு வாங்குறவங்களுக்குத்தான் நிறைய சேருது" என்றாள். இது குத்து வாங்கி வரும் நோய்தான் என்று உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்ல முடியாதாம், செத்தபிறகு மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். குணமாக்க மருந்து இல்லை. குத்து நின்ற பிறகும் உள்ளே அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் என்றாள். ஆராய்ச்சிக்காகப் பின்னால் மூளையைத் தர மனம் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மா பதறிவிட்டாள். "கூடவே கூடாது, அடுத்த ஜென்மத்துல மூளை இல்லாம பொறப்பாரு" என்றாள். "இந்த ஜென்மத்துல மட்டும் இருந்துச்சாக்கும், இருந்திருந்தா கையுறை மாட்டியிருப்பேனா" என்றேன் நான். டாக்டர் பெண் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

ஊருக்கு வந்தபின் அம்மா அதோடு விடவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும், உங்கள் உயிர் பயந்து உடம்பைவிட்டு ஓடியிருக்கிறது, கூப்பிட்டுக் கொண்டுவர வேண்டும் என்றாள். மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு அந்த மரத்தடிக்கே போய் மீன் வலையால் உயிரை வாரி எடுத்து வருவார்களே, அதைப்போல எனக்கும் செய்ய ஏற்பாடு செய்தாள். வலை, முட்டை, வாழைப்பழம், வெள்ளை நூல் எல்லாம் தயார். மந்திரம் சொல்கிறவர் வந்து உட்கார்ந்து, "எந்த எடத்துல உயிர் பிரிஞ்சு போச்சு, அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் ஜோய். சியோலா, ஒசாகாவா, மணிலாவா, பேர்கூடத் தெரியாத எத்தனை ஊர்க் கூடங்களில் நான் கண் விழித்து விட்டத்து விளக்கைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊரில் எவ்வளவு போயிற்று என்று எனக்கே தெரியாது. கடல் தாண்டி எத்தனை வலை வீசுவது. அவர் நூலை மட்டும் கட்டிவிட்டு எழுந்துவிட்டார். வலை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது, அம்மா அதை மீன் பிடிக்கவும் எடுப்பதில்லை.

இனி நான் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ ஃபோன் செய்தாயாம், நான் எடுத்துப் பேசினேனாம். எனக்கு அது துளிகூட ஞாபகம் இல்லை. அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டிருக்கிறாள், அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நீ நம் நாய் தூப் எப்படி இருக்கிறான் என்று கேட்டாயாம். நல்லா இருக்கான், நல்லா திங்கிறான், உன்னத்தான் தேடுறான் என்றேனாம் நான். வர்றப்ப அவனுக்கு ஒரு கழுத்துப்பட்டை வாங்கிட்டு வரேம்பா என்றாயாம் நீ. மகனே, தூப் செத்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. நீ விடுமுறையில் வந்திருந்தபோதுதான் செத்தான், மாமரத்தடியில் நீதான் குழி தோண்டினாய், தோண்டிவிட்டு அன்று சாப்பிடவில்லை. நான் மறந்தது இருக்கட்டும். நீ எப்படி மறந்தாய்? செத்த நாயைப் பற்றி அப்பனும் பிள்ளையும் அவ்வளவு நேரம் சந்தோஷமாகப் பேசினோமாம், கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கீரையில் கை ஓடவில்லையாம்.

அதற்குப் பிறகு நீ மணிலா பந்தயத்தைச் சொல்லி, போகட்டுமா அப்பா என்று கேட்டிருக்கிறாய். நான், "போடா சிங்கக்குட்டி, இடது கைய எறக்காத, வயித்துல குத்து, தலை தானா கீழ வரும், ஜெயிச்சுட்டு வா" என்று கத்தினேனாம். மேடைக்குக் கீழே நிற்பதுபோல எழுந்து நின்று கையை வீசிக் காட்டினேனாம். அம்மா ஃபோனைப் பிடுங்குவதற்குள் நீ, அப்பா சம்மதிச்சுட்டாரு, அது போதும் என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுநாள் காலை நான் தெளிவாக இருந்தபோது பிரயூன் காட்டிய படத்தைச் சொல்லி, அவனை எப்படியாவது தடுக்கவேண்டும் லம்துவன் என்று உன் அம்மாவிடம் புலம்பினேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவனப் போன்னு நேத்து சொன்னதே நீங்கதாங்க" என்றாள். முதலில் நான் நம்பவில்லை, பொய் சொல்லுகிறாய் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். பிறகு அவள் நான் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடது கை, வயிறு, தலை தானா கீழே வரும். அது நான் பேசுகிற பேச்சுத்தான், வேறு யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. கிம்மைத் திட்டலாம், எதிராளியைத் திட்டலாம், எனக்குள் உட்கார்ந்து என் பிள்ளையை மேடைக்கு அனுப்புகிறவனை நான் என்ன செய்வது? அன்று முழுக்க நீ திரும்பக் கூப்பிடுவாய் என்று பார்த்தோம். நாங்கள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கூடத்தில் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று பிரயூன் சொல்கிறான்.

ஜோய், போகாதே. இந்த ஒரு பந்தயம் மட்டும் முடித்துவிட்டு விட்டுவிடுகிறேன் என்பாய், அந்த வார்த்தையை நான் தென்சாயாகவும் சொல்லியிருக்கிறேன், சிங்டோங்காகவும் சொல்லியிருக்கிறேன். ஒசாகாவில் பெரிய பையன்கள் பழகுவதற்காகத் தினமும் நீ எதிரே நின்று அடி வாங்குகிறாயே, அந்த வேலையையும் விட்டுவிடு, தலைக்குக் கவசம் போட்டிருக்கிறேன் என்று சொல்லாதே, அது தோல் கிழியாமல்தான் காக்கும். எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறார்களோ அவ்வளவுக்கு நல்லது என்று டாக்டர் பெண் சொன்னாள், எனக்குச் சொல்லவில்லை, எனக்குப் பிள்ளை இருக்கிறானா, அவனும் இதே தொழிலா என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். இங்கே வயல் இருக்கிறது, குளம் இருக்கிறது, ஒட்டரிசிச் சோற்றுக்குக் குறைவில்லை. தோற்றுப்போய் ஊருக்கு வந்தான் என்று எவனாவது பேசினால் பேசட்டும், அவன் வாயை அம்மா பார்த்துக்கொள்வாள். உன்னை முதலில் கூடத்துக்குக் கூட்டிப்போனது யார் என்ற பஞ்சாயத்து நீ வந்தபின் வைத்துக்கொள்ளலாம், வேண்டிய மட்டும் என்னைத் திட்டு, நான் மறந்துவிட்டால் மறுபடி திட்டு. உண்மையைச் சொன்னால் எனக்கு நம்பிக்கை இல்லை. இதைப் படித்தபிறகும் நீ போவாய் என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது, உன் வயதில் என் அப்பா எழுதியிருந்தால் நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேடை ஏறியிருப்பேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா கோயிலில் ஓதி வாங்கிய வெள்ளை நூலை இதோடு வைத்திருக்கிறாள். நீயாகக் கட்டிக்கொள்ளக்கூடாது, வயதில் மூத்தவர் யாரிடமாவது கொடுத்து வலது மணிக்கட்டில் கட்டச் சொல். கட்டும்போது வீட்டுக்கு வா என்று மட்டும் அவர் சொன்னால் போதும், வேறு மந்திரம் வேண்டாம். புத்தர் பெருமான் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, எடை குறைக்கிறேன் என்று தண்ணீர் குடிக்காமல் கிடக்காதே. தலைவலி இருந்தால் மறைக்காமல் அங்கத்து டாக்டரிடம் சொல், உன் சொந்தப் பெயரைச் சொல்லிச் சொல்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. இனி ஃபோனில் நான் உன்னைப் போ, குத்து, ஜெயித்து வா என்று சொன்னால் கேட்காதே. சந்தோஷமாகச் சொல்வேன், குரல் என்னுடையதாகவே இருக்கும், நீ நம்பும்படியாகத்தான் சொல்வேன். இப்படி ஒரு கடிதத்தை நான் எழுதவே இல்லை என்று உன் அம்மா தலையில் அடித்துச் சத்தியம்கூடச் செய்வேன். என்னோடு வாதாடாதே. சரிப்பா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பி வா. வாசலில் நான் உன்னையே யாரப்பா நீ என்று கேட்டாலும் கோபித்துக்கொண்டு திரும்பிவிடாதே, உள்ளே வந்துவிடு.

நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும்,
யார் தூண்டுதலும் இல்லாமல்
இதை எழுதிக் கையெழுத்திட்ட உன் அப்பா,
விச்சியன்